வாடகை வீட்டில் கீசர் ஓய்ந்துபோனால் புதிது யார் வாங்க வேண்டும்?

மார்கழி மாதக் காலை ஒன்றில் எங்கள் பாத்ரூம் கீசரின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் வாளி வைக்க வேண்டியதாயிற்று. தென்சென்னையில் போர் தண்ணீர் மட்டுமே வரும் வாடகை வீடு அது. மெக்கானிக் வந்து அடி மூடியைக் கழற்றியதும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கட்டிகள் தரையில் கொட்டின. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் மேல் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு விரல் கனத்துக்கு உப்பு. அதன் பக்கத்தில் ஒரு மெக்னீசியத் தண்டு இருக்க வேண்டும். டேங்க் அரிக்காமல் இருப்பதற்காகத் தான் முதலில் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. அது இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் மிச்சம் இருந்தது.

"எலிமென்ட் போயிருந்தா மாத்தியிருக்கலாம் சார். டேங்க்கே ஓட்டை விழுந்திருச்சு. இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க" என்றார் அவர். பக்கவாட்டு ஸ்டிக்கரில் தயாரித்த வருடம் 2009 என்று இருந்தது. நாங்கள் குடிவந்தது 2019-ல்.

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீங்கதானே தம்பி யூஸ் பண்றீங்க, நீங்கதான் மாத்திக்கணும். அக்ரிமென்ட்லயே இருக்கே" என்றார். எடுத்துப் படித்தேன். "வீட்டில் உள்ள பொருட்களை எவ்விதச் சேதமும் இன்றித் திரும்ப ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி. பத்து வருடத்துக்கும் மேலாக உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஓட்டை விழுந்த ஒரு டேங்க்கை 'சேதம்' என்று சொல்லலாமா? அந்த வரியை எழுதிய பத்திர எழுத்தருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. வாடகை வீட்டோடு வந்த கீசர், ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் இவற்றில் ஏதாவது ஒன்று வயதாகி நின்றுபோனால், புதிது வாங்க வேண்டியவர் ஓனரா, குடியிருப்பவரா? தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் சொல்கிறேன். பலருக்கு அது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும், எனக்கும் இருந்தது.

சட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சாமான் வேலை செய்யவில்லை என்றால் அதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். யாராவது உடைத்திருக்கலாம். சின்னதாக ஏதோ ஒரு பாகம் போயிருக்கலாம். அல்லது ஆயுசு முடிந்திருக்கலாம். சண்டை வரும் வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றையும் 'ரிப்பேர்' என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சீலிங் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால், தொண்ணூறு சதவீதம் கண்டன்சர் போயிருக்கும் என்பார் எந்த எலக்ட்ரீஷியனும். ஃபேனின் மேல் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவு பெட்டி அது. நூறு ரூபாயைத் தொடாத சாமான், பத்து நிமிட வேலை. இது ரிப்பேர். அதே ஃபேனில் கருகிய வாடை வந்து நின்றுபோனால் காயில் எரிந்திருக்கலாம். புது காயில் கட்டலாம், ஆனால் பதினைந்து வருடப் பழைய ஃபேனுக்குக் காயில் கட்டுவதும் பேரிங் மாற்றுவதும் சேர்ந்தால் புது ஃபேன் விலையில் பாதியைத் தாண்டிவிடும். அப்போது அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, அது ஓய்ந்துவிட்டது. இனி, குழந்தைகள் இறக்கையைப் பிடித்துத் தொங்கி அது வளைந்துவிட்டது என்று வையுங்கள். அது சேதம், அதைப் பற்றிப் பேசவே ஒன்றும் இல்லை, உடைத்தவர் கொடுக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் கதவு ரப்பர் தளர்ந்தால் ரிப்பேர், கம்ப்ரஸர் செத்தால் பெரும்பாலும் ஓய்வு. கீசரில் எலிமென்ட்டும் தெர்மோஸ்டாட்டும் ரிப்பேர், டேங்க் ஓட்டை ஓய்வு. இன்வெர்ட்டர் பேட்டரி கொஞ்சம் சிக்கலானது. அது என்ன செய்தாலும் சில வருடங்களில் தீர்ந்துபோகும் பொருள்தான். ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் காயவிட்டால் அதற்கும் முன்பே போய்விடும். இரண்டில் எது நடந்தது என்பதை மூடியைத் திறந்து பார்த்தால் மெக்கானிக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் வரும் மெக்கானிக்கிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது, இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலாவது, எந்தப் பாகம் போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்று எழுதி வாங்குவது அவசியம் என்கிறேன். "மெக்கானிக் சொன்னார்" என்று வாயால் சொல்வதை எந்த ஓனரும் நம்பத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீண்ட காலம் இருந்தது. அதை ரத்து செய்துவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை இதற்கென்றே நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சட்டத்தில் வந்ததுதான்.

நமக்கு வேண்டியது அதன் 15-ஆவது பிரிவும், கடைசியில் இருக்கும் இரண்டாம் அட்டவணையும். 15-ஆவது பிரிவு சொல்வது இது: வீடு குடிவந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருவரும் வைத்திருக்க வேண்டும், வழக்கமான தேய்மானம் தவிர. இந்த 'வழக்கமான தேய்மானம் தவிர' என்ற இரண்டு மூன்று சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்புறம், எந்த ரிப்பேர் யாருடையது என்பதை இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது.

அட்டவணையில் ஓனர் பக்கம் நான்கே வரிகள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் லைனை மாற்றுவது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடும் எலக்ட்ரிக் வயரிங். குடியிருப்பவர் பக்கம் பதினான்கு வரிகள். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, டாய்லெட், வாஷ்பேசின் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயின்ட், சர்க்யூட் பிரேக்கர், கதவுப் பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி என்று அது நீள்கிறது. அதில் ஒரு வரி 'கீசர் ரிப்பேர்'. இன்னொரு வரி, பெரிய வயரிங் மாற்றங்கள் தவிர, 'மின்சாதனங்களின் பழுதுபார்ப்பும் மாற்றுதலும்'.

மாற்றுதலும். அதாவது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாமல் விட்டால், கரண்டில் ஓடும் சாமான் போனால் புதிது வாங்குவதுகூட குடியிருப்பவர் தலையில் விழ வாய்ப்பு இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? "ஓனர் பொருள், ஓனர்தான் மாத்தித் தரணும், அதுதானே சட்டம்" என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். அந்த அட்டவணை தொடங்கும்போதே 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர' என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. நீங்களும் ஓனரும் சேர்ந்து "சாமான் ஓய்ந்துபோனால் புதிது வாங்குவது ஓனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். எழுதாமல் விட்டால் மட்டுமே அட்டவணை வந்து உட்காரும். இந்த விஷயத்தில் நான் சொல்ல வந்ததே இதைத்தான்: எழுதாத இடத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காகிதம் உங்கள் பக்கம் இருக்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். கீசருக்கான வரியில் 'ரிப்பேர்' மட்டும்தான் இருக்கிறது, 'மாற்றுதல்' இல்லை. மின்சாதனங்கள் என்ற வரியில் மாற்றுதல் இருக்கிறது. கீசருக்குத் தனி வரி இருக்கும்போது பொது வரியை அதன் மேல் ஏற்றக்கூடாது என்று வாதாடலாம். 15-ஆவது பிரிவு தேய்மானத்தை விலக்கி வைத்திருப்பதையும் காட்டலாம். இது என்னுடைய வாசிப்பு. எதிர்த்தரப்பும் தன் வாசிப்பைச் சொல்லும். ஒரு கீசருக்காக இருவரும் வாடகை அதிகாரி முன்னால் போய் நின்று சொற்களைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வயரிங் விஷயம் தனி. ஏசி பிளக் பாயின்ட் கறுத்து உருகியிருக்கிறது என்றால் பாயின்ட்டை மட்டும் மாற்றுவது குடியிருப்பவர் வேலை. ஆனால் அந்த ஏசிக்குப் போகும் லைனே லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரில் இழுத்திருக்கிறார்கள், அதனால்தான் சூடேறி உருகியது என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் அது வயரிங் குறை. அது ஓனருடையது. எர்த் சரியாக இல்லாத வீட்டில் கீசர் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பதும் அப்படித்தான். இதில் காசைப் பற்றிய பேச்சு பிறகு. முதலில் மெயினை அணைத்துவிட்டுப் போன் போடுங்கள்.

ஏன் ஓய்ந்த சாமானை ஓனரே மாற்ற வேண்டும் என்கிறேன்?

சட்டம் எப்படி இருந்தாலும் நியாயம் எது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. வயதாகி நின்ற சாமானை மாற்ற வேண்டியவர் அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீசர் இருக்கும் வீடு, இல்லாத வீடு என்று இரண்டு இருந்தால் இருக்கும் வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஏசி இருந்தால் இன்னும் கூடுதல். அதாவது மாதாமாதம் அந்தச் சாமானின் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓய்ந்தபோது புதிதும் நாமே வாங்கினால் ஒரே தேய்மானத்துக்கு இரண்டு தடவை கொடுத்ததாகிறது. அதுவும், நம் ஊரில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பதினோரு மாதத்துக்குத்தான். பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர் அடுத்த பத்து வருடம் ஓடப்போகும் கீசரை வாங்கி இன்னொருவர் சுவரில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்?

ஓனர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த ஊரில் வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் பணக்காரர்கள் கிடையாது. ஓய்வு பெற்றபின் வந்த பணத்தில் மேல்மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "குடித்தனக்காரங்க சாமானைப் பாத்துக்க மாட்டேங்கறாங்க" என்று அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. போர் தண்ணீர் வீட்டில் கீசரை வருடம் ஒரு முறை திறந்து உப்பைத் தட்டிச் சுத்தம் செய்து, தண்டு கரைந்திருந்தால் மாற்றினால் டேங்க் இன்னும் பல வருடம் தாங்கும். நானும் அதைச் செய்யவில்லை, எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்யவில்லை. ஏசிக்கு வாட்டர் சர்வீஸ் செய்யாமல், ஃபில்டரில் தூசி அடைத்தபடி மூன்று கோடை ஓட்டிவிட்டு "கூலிங் வரல" என்று ஓனரைக் கூப்பிடுவதும் சரியில்லை. அன்றாடப் பராமரிப்பும் சின்ன ரிப்பேரும் பயன்படுத்துகிறவருடையது, ஆயுள் முடிந்த சாமான் சொந்தக்காரருடையது. இப்படிப் பிரித்தால் இருவருக்கும் கை கடிக்காது.

எங்கள் வீட்டில் கடைசியில் அப்படித்தான் முடிந்தது. மெக்கானிக் எடுத்த போட்டோவையும் 2009 ஸ்டிக்கரையும் அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே வந்து பார்த்தார். "இவ்வளவு உப்பா?" என்று கட்டியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். புது கீசர் அவர் வாங்கினார். மாட்டும் கூலியும் புது இன்லெட் குழாயும் நான். இனி வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் என் செலவு என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

ஒப்பந்தம் போடும்போது

சாவி வாங்குவதற்கு முன்னால்தான் பேச வேண்டும். குடிவந்தபின் பேசினால் அது சண்டையாகத் தெரியும், முன்னால் பேசினால் நடைமுறையாகத் தெரியும்.

ஓனரோ அவர் வீட்டு ஆள் ஒருவரோ கூட இருக்கும்போதே ஒவ்வொரு சாமானையும் போட்டுப் பாருங்கள். ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்து வரை திருப்புங்கள். கீசரை ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துக் குழாயைத் திறங்கள். ஏசியில் குளிர் வருகிறதா, உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவு இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சிரமமில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் பின்னாலோ பக்கவாட்டிலோ ஸ்டிக்கர் இருக்கும், அதில் பெரும்பாலும் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அதைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான்கு வருடம் கழித்து "புதுசாத்தான் குடுத்தேன்" என்ற பேச்சு வரும்போது அந்த ஸ்டிக்கர் போட்டோ மட்டும்தான் கையில் இருக்கும்.

அப்புறம் ஒப்பந்தத்தில் சாமான்களின் பட்டியல், கம்பெனி பெயர், வருடம். அதற்குக் கீழே ஒரு பத்தி. கீழ்க்கண்ட மாதிரி எழுதலாம், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேற்கண்ட சாதனங்களின் அன்றாடப் பராமரிப்பும், ஒரு முறைக்கு ரூ. 1,000 வரையிலான பழுதுபார்ப்பும் வாடகைதாரரின் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட பழுதும், வழக்கமான தேய்மானத்தால் சாதனம் பயனற்றுப் போனால் அதை மாற்றுவதும் உரிமையாளரின் பொறுப்பு. வாடகைதாரரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு. பழுதை எழுத்து மூலம் தெரிவித்த 10 நாட்களுக்குள் உரிமையாளர் ஏற்பாடு செய்ய வேண்டும்."

தொகையையும் நாளையும் வீட்டுக்கு வீடு பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தொகையாவது இருக்கட்டும், 'சிறு பழுது', 'பெரும் பழுது' என்று மட்டும் எழுதினால் எது சிறியது என்பதில் மறுபடி தகராறு. ஓனர் "எனக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், சாமான் போனா நான் பாக்க மாட்டேன்" என்று சொன்னால் அதையும் நேராக ஏற்கலாம், அதற்குப் பதிலாக வாடகையில் குறைக்கச் சொல்லுங்கள். அல்லது பழைய ஃபிரிட்ஜையும் வாஷிங்மெஷினையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு உங்களுடையதைக் கொண்டுவாருங்கள். பத்து வருடப் பழைய சாமானோடு வரும் 'செமி ஃபர்னிஷ்டு' வீட்டைவிடச் சில சமயம் வெறும் வீடே நிம்மதி.

எழுதியதைப் பதிவும் செய்துவிடுங்கள். பதினோரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. புதுச் சட்டத்தில் அந்தப் பதினோரு மாதக் கணக்கு இல்லை. பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நாளை வாதாடுவது கஷ்டம்.

குடியிருக்கும்போது போனால்

முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். போனில் பேசியபிறகு "இன்று பேசியபடி, கீசர் டேங்க் ஒழுகுகிறது, மெக்கானிக் சீட்டு இணைத்திருக்கிறேன்" என்று ஒரு செய்தி போட்டால் போதும். ஓனர் வந்து பார்க்க வேண்டும் என்றால் விடுங்கள், அது அவர் உரிமை. அவரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டக்கூடாது, 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்கிறது சட்டம்.

ஓனர் தன் பொறுப்பில் உள்ள வேலையைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக்கூடாது. வாடகை 14,000 ரூபாய், செலவு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 7,000, இரண்டாம் மாதம் 7,000, மூன்றாம் மாதம் 4,000 என்றுதான் கழிக்க முடியும். இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது: அந்த வேலை அட்டவணைப்படியோ ஒப்பந்தப்படியோ ஓனருடையதாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட ஃபிரிட்ஜுக்கு இந்த வழியைப் பயன்படுத்தினால் உங்கள் மேல்தான் வாடகை பாக்கி என்று நிற்கும். கோபத்தில் வாடகையை முழுதாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்தபிறகும் கட்டவில்லை என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். பில்லை வைத்துக்கொள்ளுங்கள், கழித்த மாதமே "இன்ன செலவுக்கு இவ்வளவு கழித்திருக்கிறேன்" என்று எழுதி அனுப்புங்கள்.

போர் மோட்டார், லிஃப்ட் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. மோட்டார் எரிந்தால் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் போன்றவை அத்தியாவசியச் சேவைகள், அவற்றை நிறுத்திவைக்க ஓனருக்கு உரிமை இல்லை. சாமான் தகராறில் கோபப்பட்டுத் தண்ணீரை அடைத்தால் நேராக வாடகை அதிகாரியிடம் போகலாம்.

பேச்சுக்கு இடம் தராத ஓனர், எழுதாத ஒப்பந்தம், கோடைக்காலம், ஃபேன் ஓய்ந்துவிட்டது. என்ன செய்வது? உங்கள் காசில் உங்கள் ஃபேனை வாங்கி மாட்டுங்கள், பழைய ஃபேனைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி லாஃப்டில் வையுங்கள். காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவிலேயே, குடியிருப்பவர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொள்ளலாம், வீட்டை வாங்கிய நிலையில் விட வேண்டும் என்று இருக்கிறது. மாட்டும் அன்றே "இது என் ஃபேன், பழையது லாஃப்டில் இருக்கிறது" என்று ஒரு செய்தியும் பில் போட்டோவும் அனுப்பிவிட்டால் பின்னால் பேச்சு வராது. பழையதைக் காயலான் கடையில் போட்டுவிட்டால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் கையால் உடைந்தால்

அப்போதும் புதுப் பொருளின் முழு விலையைத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. சட்டம் இதற்கென்று சூத்திரம் எதுவும் தரவில்லை, பேசித் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். ஃபிரிட்ஜ் வாங்கும்போது 24,000 ரூபாய், பத்து வருடம் ஓடும் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறீர்கள், உடைந்தபோது ஏழு வருடம் ஆகியிருக்கிறது. மிச்சம் இருந்தது மூன்று வருடம். பத்தில் மூன்று பங்கு, 7,200 ரூபாய். நீங்கள் கெடுத்தது அந்த மூன்று வருட உழைப்பைத்தான். மீதி ஏழு வருடத்தை ஓனரும் அவருடைய குடித்தனக்காரர்களும் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள்.

காலி செய்யும்போது

அட்வான்ஸ் கையில் திரும்பி வரும்வரை இந்த விஷயம் முடியாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது புதுச் சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய தொகை ஓனர் கையில் இருந்தால் சின்னத் தகராறுகூட அவர் பக்கம் சாயும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

இங்கேதான் முன்னால் சொன்ன 'வழக்கமான தேய்மானம்' உங்களுக்கு உதவும். கீசரின் வெள்ளை மூடி மஞ்சளாகியிருக்கிறது, ஃபேன் இறக்கையில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, ஏசி ரிமோட்டின் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. இதற்கெல்லாம் கழிக்க முடியாது. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பது சென்னையில் ஏறக்குறைய சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அட்டவணைப்படி வெள்ளையடிப்பது ஓனர் பக்கம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால்தான் அது உங்கள் செலவு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரி இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஓனரைக் கூட வைத்துக்கொண்டு, குடிவந்த அன்று செய்ததுபோலவே எல்லாவற்றையும் போட்டுக் காட்டுங்கள். ஃபேன், கீசர், ஏசி, எல்லா சுவிட்சும். வேலை செய்வதை ஒரு சின்ன வீடியோ எடுத்து, "அனைத்தும் சரியாக இருப்பதைப் பார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். நாங்கள் காலி செய்தபோது எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா அந்த வரியைத் தானே எழுதினார், அதன் கீழே கீசரின் வாரன்டி எத்தனை வருடம் பாக்கி என்றும் குறித்துக்கொண்டார், அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.